தெய்வானை அத்தை விதித்த தண்டனைகள்

மாணிக்கவாசகம் வாத்தியாரை யாராவது தெய்வம் என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். மலாக்கா காஜா பேராங் பகுதியில் பழைய ஆட்கள் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைத்துப் படிப்பித்தாராம், அப்படி ஒரு விசாலமான மனசாம். நான் அவருடைய வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தவள். அந்த மனசின் அகலம் எனக்குத் தெரியும். என் பக்கத்தில் சந்திரமதி உட்கார்ந்தது அவருடைய மனசால் அல்ல, அவளுடைய அம்மா தெய்வானை அத்தையின் வன்மத்தால். அந்த வன்மத்துக்கு மரியாதை செய்யத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தை எனக்குச் சொந்தமில்லை. முனிசிபல் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அத்தைதான். எங்கள் அப்பா அம்மாக்கள் மலாக்கா டவுன் தெருக்களைக் கூட்டுகிறவர்கள். விடிவதற்கு முன்பே துடைப்பமும் கைவண்டியுமாகக் கிளம்பிவிடுவார்கள். எங்களை எழுப்பி, முகம் கழுவ வைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வீட்டில் ஆள் இருக்காது. அந்த வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். ஆற்றங்கரைப் படகுத்துறையில் யாரோ கழித்துப் போட்ட தடித்த கயிறு ஒன்று அவரிடம் இருந்தது. நாங்கள் எல்லோரும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடப்போம். கயிற்றின் முன்நுனி சந்திரமதி கையில். அந்த நுனியை வேறு யார் தொட்டாலும் அவள் நடுத்தெருவில் நின்றுவிடுவாள், அப்புறம் லாரி வந்தாலும் நகரமாட்டாள்.

சந்திரமதிக்கு என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. அவள் நம் முகத்தைப் பார்க்கமாட்டாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தக் கேள்வியையே திருப்பிச் சொல்லுவாள். எப்போதோ யாரோ பேசியதை, பேசியவருடைய குரலிலேயே, செருமல் இருமலோடு சொல்லுவாள். பாசாரில் மீன் விற்கும் ஆள் கூவுவதை அவள் கூவினால் பூனை ஓடி வரும். பலத்த சத்தம் மட்டும் அவளுக்கு ஆகாது. துக்காங் பெசித் தெருவில் கொல்லர்கள் இரும்பை அடிக்கும் பக்கம் போனால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டுவிடுவாள். லயத்தில் சிலர் பேய் பிடித்தது என்றார்கள். அத்தையின் புருஷன் பொன்னையா மாமாகூட ஒருநாள் அப்படிச் சொல்லப் போய், அத்தை அவர் சோற்றுத் தட்டைத் தூக்கி வாசலில் எறிந்தார். அதற்குப் பிறகு மாமா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் நானும் சந்திரமதியும் முதல் வகுப்பில் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்து மணி என்பது மரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ஓடிய ரயில் பாதையை ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடுங்கிக்கொண்டு போனபோது மிஞ்சியது. தலைமையாசிரியர் மாணிக்கவாசகம் அதைச் சுத்தியால் தன் கையாலேயே அடிப்பார், வேறு யாரையும் அடிக்க விடமாட்டார். ஊரையே கூப்பிடுகிற மாதிரி அடிப்பார். ஒவ்வொரு மணிக்கும் சந்திரமதி காதைப் பொத்திக்கொண்டு குனிவாள், நான் அவள் தலைமேல் என் சிலேட்டைப் பிடித்துக்கொள்வேன். எப்படியோ சமாளித்து வந்தோம்.

மெர்டேக்கா நெருங்கியது. சுதந்திர தினத்தன்று எல்லாப் பள்ளிக்கூடங்களும் பாடாங் திடலில் அணிவகுத்துப் போக வேண்டும். வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, கஞ்சி மொடமொடப்பு. காலையில் வகுப்பை விட்டுவிட்டு எங்களை நடக்கப் பழக்கினார். தாளத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? தண்டவாளத்தை அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு காலடி.

சந்திரமதி வகுப்புக்குள் ஓடிப் பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டு அலறினாள். அவர் போய்க் காலைப் பிடித்து இழுத்தார். அவள் அவருடைய கையைக் கடித்துவிட்டாள். கடித்தது தப்பென்று நான் சொல்லமாட்டேன். நானாயிருந்தால் இன்னும் ஆழமாகக் கடித்திருப்பேன்.

அவர் அவளைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுக் கேட்டைச் சாத்தினார். மத்தியானம் எங்களைக் கூட்டிப்போக அத்தை வந்தபோது, சந்திரமதி வெயிலில் கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. அத்தை மண்டியிட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். சந்திரமதி காதைப் பொத்தினாள். தொண்டையைச் செருமினாள். பிறகு வாத்தியார் குரலில் சொன்னாள்.

"இது பிள்ளையில்ல. மாட்டுக் கொட்டகையில கட்ட வேண்டியது. இனி இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

ஒரு எழுத்து பிசகவில்லை. அங்கே இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். அத்தை பள்ளிக்கூடத்துக்குள் போகவில்லை, கத்தவில்லை. மகளுக்கு முகத்தைத் துடைத்துவிட்டு, கயிற்றின் நுனியை அவள் கையில் கொடுத்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை பேசாமல் நடந்து அன்றைக்குத்தான் பார்த்தேன், எனக்குப் பயமாக இருந்தது.

மாணிக்கவாசகம் வாத்தியார் செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வருகிறவர். பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், அவருக்கு அவ்வளவுதான் தெரியும். எப்படி வந்து சேருகிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் பாதிக்கு மேல் எங்கள் லயத்துப் பிள்ளைகள். அத்தனை பேரையும் கயிற்றில் கோத்துக் கொண்டுவருகிறவளின் மகளைத்தான் அவர் கேட்டுக்கு வெளியே தள்ளினார். அறிவாளி.

மறுநாள் காலை அத்தை வழக்கம்போல எங்களை எழுப்பினார், தலை சீவினார், கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். பள்ளிக்கூடம் வந்தது. வாத்தியார் சுத்தியும் கையுமாக மரத்தடியில் நின்றார். அத்தை நிற்கவில்லை. அவர் கண்முன்னால் கேட்டைத் தாண்டி எங்களை நேராக நடத்திக்கொண்டு போனார்.

"ஏய், எங்க போறீங்க?" என்று வாத்தியார் கத்தினார்.

"மாட்டுக் கொட்டாய்க்கு!" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமல்.

போனது கம்போங் செட்டிக்கு. அங்கே மாக் பொன்னம்மா என்ற, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவோடு கலந்துவிட்ட செட்டி வம்சத்து அம்மாள் இருந்தார். பெயர்தான் நம் பெயர், கும்பிடுவதும் நம் சாமியைத்தான், பேசுவது மலாய். பாஜு பாஞ்சாங் என்ற நீளச் சட்டையும் சாரோங்குமாக இருப்பார், வாயில் எந்நேரமும் வெற்றிலை. அவர் வீட்டுத் துணிகளை அத்தை துவைத்துக் கொடுப்பது வழக்கம். அத்தை நடந்ததை மலாயில் சொன்னதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மாசோக், செமுவா மாசோக்!" என்று எங்கள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். அவருடைய ரம்புத்தான் மரத்தடியில் பாய் விரித்தார்கள். நாங்கள் வாய்ப்பாடு சொன்னோம், பழம் பறித்துத் தின்றோம், மீண்டும் வாய்ப்பாடு சொன்னோம். தினமும் இதே ஊர்வலம். தினமும் பள்ளிக்கூடத்துக் கேட்டைக் கடக்கும்போது அத்தை நடையைக் குறைப்பார். வாத்தியார் நன்றாகப் பார்க்க வேண்டுமே!

வாத்தியார் ஒரு சாயங்காலம் லயத்துக்கே வந்தார். எங்கள் அம்மாக்களை நிற்கவைத்துப் படிப்பின் அருமையைப் பற்றிப் பேசினார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். பெரிய மனிதர் வந்து பேசினால் ஆட்டத்தானே வேண்டும். அத்தை தன் வாசலில் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தார். வாத்தியார் பேசி முடித்ததும் அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நாளைக்குக் காலையில பிள்ளைங்கள யாரு கூட்டிட்டுப் போவா?"

என் அம்மா அஞ்சாமல் சொன்னார்: "நீங்கதான்க்கா. நீங்க எங்க கூட்டிட்டுப் போறீங்களோ அங்க."

மெர்டேக்காவுக்குச் சில நாட்கள்தான் இருந்தன. ஊர் பார்க்கப் பாதிப் பள்ளிக்கூடத்தோடு பாடாங்கில் நடப்பதா? கடைசியில் வாத்தியார் ரம்புத்தான் மரத்தடிக்கே வந்து சேர்ந்தார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"சரி தெய்வானை. நடந்தது நடந்துபோச்சு. உன் பொண்ணையும் அனுப்பு. பின்னால ஒரு மூலையில உக்காந்துட்டுப் போகட்டும்."

"பின்னாலயா?"

"பின்ன?"

"முதல் பெஞ்சு, சன்னலோரம், அஞ்சலை பக்கத்துல. அது அவ இடம். வேற யாரும் அங்க உக்காரக் கூடாது."

அஞ்சலை என்பது நான்தான். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் ரம்புத்தான் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"சரி," என்றார்.

"அந்தத் தண்டவாளத்த இனி அடிக்கக் கூடாது. மணியாச்சுன்னா நீங்களே ஒவ்வொரு கிளாசுக்கும் நடந்து போய் வாயால சொல்லணும்."

"நான் தலைமையாசிரியர்மா!"

"அதான் உங்கள சொல்றேன். இன்னொண்ணு வாத்தியாரே. அடுத்து என்ன பாடம், எப்ப சாப்பாடு, எப்ப வீடு, எல்லாத்தையும் முன்கூட்டியே என் பிள்ளைகிட்ட போய்ச் சொல்லணும். பேர் சொல்லிச் சொல்லணும். அது இதுன்னு சொல்லக் கூடாது. அவ பெஞ்சுக்கு அடியில போய் உக்காந்தா இழுக்கக் கூடாது. நீங்க கீழ உக்காந்து பாடம் சொல்லுங்க."

"தரையிலயா?" வாத்தியார் தன் வெள்ளைக் கால்சட்டையைக் குனிந்து பார்த்தார்.

"தரையிலதான். கொட்டாய்னு நெனச்சுக்குங்க."

வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை. மாக் பொன்னம்மாவுக்குத் தமிழ் அவ்வளவாகப் புரியாது, ஆனால் அந்த முகம் புரிந்தது. "சிக்கு, ஜாங்கான் மாரா லா," கோபப்படாதீர்கள் வாத்தியாரே என்று சொல்லி ஒரு கொத்து ரம்புத்தானை அவர் கையில் திணித்தார். அவர் அதை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்று வந்த சிரிப்பு இன்றும் மிச்சமிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அத்தைக்கு எந்தப் பாடமுறையும் தெரியாது. மகளுக்கு எது நல்லது என்று ஆராய்ந்து அவர் இதையெல்லாம் கேட்கவில்லை. வாத்தியாருக்கு எது எரியுமோ அதைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தார். சுத்தியைப் பிடுங்க வேண்டும், நடக்கவிட வேண்டும், மண்ணில் உட்காரவைக்க வேண்டும், யாரை மாடு என்றாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வைக்க வேண்டும். பல வருஷம் கழித்து அத்தையே என்னிடம் சொன்னது இது. இன்றைக்குப் படித்தவர்கள் வந்து, முன்கூட்டிச் சொல்லுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், நிலையான இடம் கொடுங்கள் என்று கூட்டம் போட்டுச் சொல்லும்போது நான் எனக்குள் சிரித்துக்கொள்கிறேன்.

மெர்டேக்கா அன்று பாடாங்கில் நாங்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தோம். மற்றப் பள்ளிக்கூடங்கள் கொடி பிடித்து நடந்தன. சந்திரமதி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கயிற்று நுனியோடு முன்னால் போனாள். அவளுக்குப் பின்னால் வாத்தியார், பல்லைக் கடித்துக்கொண்டு. அத்தை ஓரத்தில் கூட்டத்தோடு நின்றார். கைதட்டவில்லை. அவர் பார்த்ததெல்லாம் வாத்தியாரின் முகத்தை.

அதற்கப்புறம் தினமும் எங்களை விட்டுவிட்டுச் சன்னலுக்கு வெளியே சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் அத்தை போவார். "சந்திரமதி, இனி கணக்கு," என்று வாத்தியார் சொல்ல வேண்டும். "சந்திரமதி, இனி வீட்டுக்குப் போற நேரம்," என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து கசப்பு மருந்து மாதிரி வந்தது. அவர் கால்சட்டை முழங்காலில் மண் ஒட்டிய நாளில் அத்தைக்குச் சோறு இரண்டு பிடி அதிகம் இறங்கும் என்று பொன்னையா மாமா சொல்லுவார்.

சந்திரமதி அலறுவது குறைந்தது. பெஞ்சுக்கு அடியில் போவது குறைந்தது. மூன்றாம் வகுப்பில் வாசிக்க ஆரம்பித்தாள். எங்கள் வகுப்புத் திக்குவாய்ப் பொன்னுதுரைகூட, சுத்திச் சத்தம் நின்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தான். இதைக் கேள்விப்பட்டு, பக்கத்து ஊரான புக்கிட் காதிலிலிருந்து ஒருத்தி வீட்டுக்குள் பூட்டியே வைத்திருந்த தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் யாரோடும் பேசமாட்டான், சக்கரம் கண்டால் சுற்றிக்கொண்டே இருப்பான். வாத்தியார் தயங்கினார். சன்னலுக்கு வெளியே அத்தையின் தலை தெரிந்தது. "சேத்துக்குங்க வாத்தியாரே," என்றார் அத்தை. சேர்த்துக்கொண்டார். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள்.

இங்கேதான் அத்தை எதிர்பார்க்காதது நடந்தது. பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்த அதிகாரி இதையெல்லாம் கண்டு வாத்தியாரைப் புகழ்ந்தார். இன்னொருவர் வந்தார், அவரும் புகழ்ந்தார். வாத்தியார் நெஞ்சில் கை வைத்து, "இதெல்லாம் என் அனுபவத்தில் நானே கண்டுபிடித்த முறை," என்று சொன்னதை எங்கள் காதாலேயே கேட்டோம். கோயிலில் அவருக்கு முதல் மரியாதை. அத்தை கொடுத்த தண்டனை ஒவ்வொன்றும் அவர் கழுத்தில் மாலையாக விழுந்தது. அத்தைக்கு அது நெருப்பாகச் சுட்டது.

"என் சாபத்த வித்துப் பேர் வாங்கிட்டான்டி," என்று என்னிடம் சொல்லிப் பற்களை நறநறத்தார்.

நாங்கள் ஆறாம் வகுப்பு முடிக்கும் வருஷமே வாத்தியாரும் ஓய்வு பெற்றார். பிரிவுபசார விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். விழாவுக்கு முன்பே அந்தத் தண்டவாளத் துண்டை எங்கிருந்தோ எடுத்து, துடைத்து, மேடைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். வாத்தியார் கடைசியாக ஒருமுறை அதை அடிக்கப் போகிறாராம். சந்திரமதி அவருக்கு மாலை போடப் போகிறாளாம்.

நான் பதறிப்போய் அத்தையிடம் ஓடினேன். இரும்புச் சத்தம் கேட்டால் சந்திரமதி வாயிலிருந்து என்ன வரும் என்று லயத்துக்கே தெரியும். துக்காங் பெசித் தெருப் பக்கம் போனாலே அவள் காதைப் பொத்திக்கொண்டு அன்று வாத்தியார் சொன்ன வார்த்தைகளைத்தான் சொல்லுவாள், அதே செருமலோடு, அதே குரலில்.

அத்தை சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை.

"தெரியும்டி. அடிக்கட்டும். ஊரே உக்காந்திருக்கும், அதிகாரி உக்காந்திருப்பான். இவன் சொன்னத இவன் குரல்லயே எல்லாரும் கேக்கட்டும்."

"சந்திரமதிக்கு வலிக்குமே அத்தை."

அத்தை மகளுக்குத் தைத்த புதுப் பாவாடையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

விழா அன்று பந்தல் நிறைந்திருந்தது. மாக் பொன்னம்மாகூட முன்வரிசையில் இருந்தார். அத்தை மேடைக்கு எதிரே, நல்ல சேலை கட்டி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாத்தியார் பேசினார். "இந்தப் பிள்ளையை எல்லோரும் வேண்டாம் என்றார்கள். நான்தான் கைபிடித்து உள்ளே அழைத்து வந்தேன்," என்றார். கைதட்டல். சந்திரமதி மேடையில் மாலையோடு நின்றாள். அவள் பார்வை மாலையில் இல்லை, சுத்தியில் இருந்தது.

வாத்தியார் சுத்தியை எடுத்தார். சந்திரமதியின் கையிலிருந்து மாலை விழுந்தது. கை இரண்டும் காதுக்குப் போயின. தோள் நடுங்கத் தொடங்கியது, உடம்பு முழுக்க நடுங்கியது.

நான் அத்தையைப் பார்த்தேன். ஐந்து வருஷமாகக் காத்திருந்த முகம் அது. ஒரு நொடிதான் அப்படி இருந்தது. பிறகு அது வெறும் ஒரு தாயின் முகமாயிற்று. எழுந்தார், நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினார், மேடையேறி வாத்தியாரின் ஓங்கிய கையிலிருந்து சுத்தியைப் பிடுங்கினார். இரும்பு சத்தம் போடவில்லை.

கூட்டம் கொதித்தது. "நன்றி கெட்டவ!" என்று யாரோ கத்தினார்கள். "எறக்குங்க அவள!" என்றார்கள். வாத்தியார் மட்டும் கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார். அந்தப் புன்னகையை நான் மறக்கமாட்டேன். "விடுங்கள். பாவம், படிக்காத பெண்," என்றார். அத்தை சுத்தியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார். தோற்றுவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது ஒரு செருமல் கேட்டது. வாத்தியாருடைய செருமல், ஆனால் வாத்தியார் செருமவில்லை.

"இது பிள்ளையில்ல," என்றாள் சந்திரமதி. காதில் கை வைத்தபடி, ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று, அவருடைய குரலில். "மாட்டுக் கொட்டகையில கட்ட வேண்டியது. இனி இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது."

அது யாருடைய குரல் என்று யாருக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் யாரைச் சொன்னாரோ அந்தப் பிள்ளையே மேடையில் நின்றது. அதிகாரி தன் சப்பாத்தைப் பார்த்தார்.

சந்திரமதி மெதுவாகக் காதிலிருந்து கையை எடுத்தாள். சுத்தி அம்மாவிடம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு வாத்தியாருக்கு நேரே திரும்பினாள். யார் முகத்தையும் பார்க்காதவள் அவர் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வருஷம் தினமும் அவர் தன்னிடம் சொல்ல வேண்டியிருந்ததை, இந்த முறை பெயரை மட்டும் மாற்றி, தன் சொந்தக் குரலில், அவரைத் தயார்ப்படுத்துவது போல மெல்லச் சொன்னாள்.

"சார், இனி வீட்டுக்குப் போற நேரம்."